வீடும் வீடுபேறும்

தமிழில் 'வீடு' என்று ஒரு சிறு சொல் உண்டு. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் கூடி வாழும் மனைக்கும் அதுவே பெயர். உயிரானது துன்பம் நீங்கி இறைவனை அடையும் பேற்றுக்கும் அதுவே பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள்களை நான்காக எண்ணிய நம் முன்னோர், நான்காவதற்கென்று வேறொரு புதுச்சொல்லைத் தேடவில்லை. குழந்தையும் அறிந்த இச்சொல்லையே எடுத்து அங்கே வைத்தனர்.

இலக்கணம் பயின்றோர் இச்சொல்லின் பிறப்பை அறிவர். கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் முதல் நீண்டு பெயராவது போல, விடு என்பது வீடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பது இதற்குரிய இலக்கணப் பெயர். ஆகவே இச்சொல்லின் அடியில் இருப்பது 'விடுதல்'. நாம் இந்நகரில் தங்கிப் பயிலும் 'விடுதி'யும் அதே வேரில் கிளைத்த சொல்லே. பிறந்த மனை, தங்கும் விடுதி, அடையவேண்டிய பேறு ஆகிய மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன. ஊரையும் உற்றாரையும் விட்டுப் பெங்களூருக்கு வந்து கல்வி பயிலும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அப்பாடத்தைச் சற்றே பொறுமையாகப் பயில்வோம்.

ஓதற்பிரிவு

பிரிவு தமிழர்க்குப் புதியது அன்று. தலைவன் தன் மனையை விட்டுப் பிரியும் காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்தபோது, பகையும் தூதும் பொருளும் போன்றவற்றோடு ஓதலையும் சேர்த்தார். ஓதற்பிரிவு என்பது கல்விக்காகப் பிரிவது. அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என்று அவர் எல்லையும் வகுத்தார். கல்வி வேண்டுமாயின் பிரிவு வேண்டும். ஆனால் பிரிவுக்கு ஓர் அளவும் வேண்டும் என்று உணர்ந்த நாகரிகம் நம்முடையது. இன்றோ இளங்கலை, முதுகலை, ஆராய்ச்சி, அதன்பின் வேலை எனப் பிரிவு பத்து ஆண்டாகவும் நீள்கிறது. பலருக்கு அது முடிவதே இல்லை.

பெங்களூர், பிரிந்து வந்தோரால் வளர்ந்த ஊர். 1537-ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் கோட்டை கட்டி நிறுவிய நகரம் இது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறங்கும் இடத்தை அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படையோடு தமிழ்நாட்டிலிருந்து வீரரும் வணிகரும் கட்டட வேலையாளரும் சமையற்காரரும் வந்து குடியேறினர். 1909-இல் இந்திய அறிவியல் கழகம் தோன்றியபின் கல்வியின் பொருட்டு வருவோரும் பெருகினர். இவ்வாறு வந்தோர் தமக்குக் கூரை வேய்ந்த கையோடு இறைவனுக்கும் ஓர் இடம் தேடினர். அலசூரில் முன்னமே இருந்த சோமேசுவரர் திருக்கோயிலில் சென்று வணங்கினர். சிவாஜிநகரில் 1882-இல் இன்றைய வடிவில் நிறைவெய்திய தூய மரியன்னை பேராலயத்தில், செப்டம்பர் 8-ஆம் நாள் விழாவுக்குத் தமிழரும் கன்னடரும் இன்றும் ஒருங்கே கூடுகின்றனர். பிழைக்க வந்தவனுக்கு முதலில் வேண்டுவது கூலி என்று நாம் எண்ணுகிறோம். அவனோ கூலியோடு கூப்பிக் கும்பிட ஓர் இடமும் வேண்டும் என்று எண்ணினான். அஃது ஏன்?

வீடு எதனால் வீடாகிறது?

இன்று கைப்பேசியைத் திறந்தால் தாயின் முகத்தையே காண்கிறோம். வெள்ளி இரவு பேருந்து ஏறினால் மறுநாள் விடியலில் மதுரையோ திருச்சியோ வந்துவிடும். ஆயினும் காய்ச்சல் கண்ட இரவிலும், தேர்வில் தவறிய மாலையிலும், விடுதியில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்ட பொங்கல் நாளிலும் ஓர் ஏக்கம் நெஞ்சைப் பற்றுகிறது. 'வீட்டு நினைவு' என்று அதனைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நாம் எதை நினைக்கிறோம்?

சுவரையும் கூரையையும் நினைத்து எவரும் அழுவதில்லை. வீட்டில் நாம் சொல்லாமலே அறியப்படுகிறோம், ஈட்டாமலே உண்கிறோம், தகுதி காட்டாமலே ஏற்கப்படுகிறோம். பல்கலைக்கழகமோ கணக்கின் மேல் நிற்பது. நுழைவுத்தேர்வின் வரிசை எண், வருகைப் பதிவு, மதிப்பெண், விடுதிக் கட்டணம் என ஒவ்வொரு வாயிலிலும் நாம் கணக்குக் காட்டவேண்டும். அவ்வாறு இருத்தல் அதன் கடமை. அதில் குற்றம் காண்பதற்கு இல்லை. ஆனால் கணக்குக் காட்டி மட்டுமே ஓர் உயிர் நெடுநாள் வாழ முடியாது. கணக்குக் கேளாத ஓர் இடத்துக்காக அது ஏங்குகிறது. அந்த ஏக்கமே வீட்டு நினைவு.

இனி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தை நமக்கு ஆக்கித் தந்தவர் யார்? பெரும்பாலும் நம் தாய். அவர் எங்கே பிறந்தார்? வேறொரு மனையில், வேறோர் ஊரில். 'பிறந்த வீடு' என்றும் 'புகுந்த வீடு' என்றும் நம் பெண்கள் இரண்டு வீட்டைச் சொல்வர். பிறந்த வீட்டை விட்டு, அறியாத அடுப்படியில் நுழைந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உலையேற்றியவர் அவர். நாம் எவர் மடியை வீடென்று எண்ணி ஏங்குகிறோமோ, அவரே வீட்டை விட்டு வந்தவர்! அவர் விட்டு வந்திராவிடில் நமக்கு வீடு ஏது? விடுதலால் ஆவது வீடு என்று இலக்கணம் சொன்னதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் நம் தாய்மார்.

எனினும், தாயின் அன்பும் ஓர் ஊற்றிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். பெற்றோர் மூப்படைகின்றனர், ஒருநாள் மறைகின்றனர். செல்வதற்கு வீடே இல்லாத மாணவரும் நம்மிடையே உண்டு. வீடு இருந்தும் அங்கே அமைதி இல்லாதவரும் உண்டு. வீட்டு நினைவு என்ற சொல்லே அவர்களுக்குப் புண்ணாக இருக்கும். மனையையே வீட்டின் முடிவு என்று கொண்டால் அவர்கள் என்ன செய்வர்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்தவர் திருநாவுக்கரசர். அவர் இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தவர்; தமக்கையார் திலகவதியாரின் அன்பால் வளர்ந்தவர். அவ்வாறு இழந்தவர், பிற்காலத்தில் இறைவனிடத்தே தாயையும் தந்தையையும் எல்லாச் சுற்றத்தையும் கண்டு பாடினார். தமக்கையின் வழியாக வந்த அன்பின் ஊற்றை நாடிச் சென்றவர் அவர். தமிழில் இறைவனின் இருப்பிடத்துக்குக் 'கோயில்' என்று பெயர். 'இல்' என்றால் வீடு. தலைவனின் வீடே கோயில்.

கோயிலை விட்டு வந்தவர்

கோயிலையே வீடாகக் கொண்டிருந்த ஒருவர் அதனை விட்டு வரநேர்ந்தால் என் செய்வது? இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில் மேல்கோட்டை என்னும் மலையூர் இருக்கிறது. வைணவர் அதனைத் திருநாராயணபுரம் என்பர். தமிழ்நாட்டை விட்டு வந்த இராமானுசர் தங்கிய ஊர் அது.

இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார் என்பது வழிவழிச் செய்தி. இல்லறத்தைத் துறந்து திருவரங்கத்தை அடைந்து, அங்கே திருக்கோயிலை நடத்தி வந்தார். வைணவர்க்குக் 'கோயில்' என்று மட்டும் சொன்னால் அது திருவரங்கத்தையே குறிக்கும். மனையை விட்டவருக்கு அக்கோயிலே மனை. அந்த மனையையும் விட்டுப் புறப்படும் நாள் வந்தது. சோழ மன்னனின் சினத்துக்கு ஆளாகி அவர் திருவரங்கத்தை நீங்கினார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அம்மன்னன் யார் என்பதை வரலாற்றறிஞர் ஆராய்வர். நாம் காணவேண்டுவது நீங்கியவரின் நெஞ்சத்தை.

ஆசிரியரின் காவியுடையைத் தாம் உடுத்து, அவர் பெயரால் அரசவைக்குச் சென்றார் கூரத்தாழ்வான். அங்கே தம் கண்களை இழந்தார். இராமானுசரோ வெள்ளுடையில், சில மாணவரோடு மேற்கே காட்டு வழியில் நடந்தார். மழையிலும் குளிரிலும் நடந்து வந்தவர்களை வேடர்கள் கண்டு, தீ மூட்டிக் குளிர் போக்கி, தேனும் தினைமாவும் தந்தனர் என்பர். ஆயிரம் பேருக்கு அமுது படைத்த கோயிலின் தலைவர், காட்டில் வேடர் தந்த தினையை உண்டார். ஈட்டாமலே உண்ணும் அவ்வுணவு வீட்டுணவு அன்றோ?

வழியில் மற்றொரு மனையும் அவரை வரவேற்றது. முன்னொரு காலத்தில் பஞ்சம் பொறுக்காமல் கொங்கு நாட்டிலிருந்து கணவனோடு திருவரங்கத்துக்கு வந்து தங்கிய பெண்மணி ஒருத்தி இருந்தாள். கொங்குப் பிராட்டி என்று அவளை வைணவர் போற்றுவர். ஊர் விட்டு வந்த அந்த ஏழைப் பெண், இராமானுசரிடம் துணிந்து சென்று, தனக்கும் நல்லதைச் சொல்லவேண்டும் எனக் கேட்டாள். அவர் மறுக்காமல் துவய மந்திரம் சொல்லித் தந்தார். மழை பெய்து பஞ்சம் தீர்ந்தது; அவள் ஊர் திரும்பினாள். பல ஆண்டுகளுக்குப் பின், ஊரிழந்து வந்த அதே ஆசிரியருக்கும் அவருடைய மாணவருக்கும் சோறிட்டு இடமளித்தவள் அவளே. அயலூரில் ஆதரவற்று நின்ற நாளில் அவள் பெற்ற வீடு, ஆதரவற்று வந்த ஆசிரியருக்கு வீடாயிற்று.

பின்னர் இராமானுசர் தொண்டனூரை அடைந்தார். போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அவர்பால் அன்பு கொண்டான். மேல்கோட்டையில் திருநாராயணன் கோயில் எழுந்தது என்று நூல்கள் தொடர்கின்றன. அக்கோயிலின் விழாத் திருமேனி தில்லியில் இருப்பதை அறிந்து அவர் அங்கே சென்றார் என்றும், அழைத்தபோது அத்திருமேனி குழந்தை போல் வந்து அவர் மடியில் அமர்ந்தது என்றும் கூறுவர். அன்றுமுதல் அப்பெருமானுக்குச் 'செல்வப்பிள்ளை' என்பது பெயர். மக்கட்செல்வம் வேண்டாது துறவு பூண்டவர், அயல்நாட்டில் இறைவனுக்கே தந்தையானார். இறைவனைத் தம் வீடாகக் கொண்டவரின் மடி இறைவனுக்கு வீடாயிற்று என்பதைக் காட்டிலும் இவ்வுறவை எவ்வாறு சொல்வது?

இராமானுசர் அங்கே வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்தாரல்லர். கோயிற்பணிகளை ஒழுங்குபடுத்தினார். அப்பணிகளை நடத்த ஐம்பத்திருவரை நியமித்தார். செல்வப்பிள்ளையை மீட்டு வருவதில் துணைநின்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயரிட்டு, குறிப்பிட்ட விழா நாட்களில் கோயிலுக்குள் வரும் உரிமையளித்தார் என்று வழிவழியாகக் கூறுவர். ஒருசில நாள் மட்டும் கதவு திறத்தல் இன்றைய நெஞ்சுக்குப் போதாது. எனினும், வீட்டை இழந்த துன்பத்தை அறிந்தவர், வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை மறக்கவில்லை என்பது நாம் போற்றத்தக்கது. அவர் வந்து சென்று எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தும், கன்னடம் பேசும் அம்மலையூரில் ஆழ்வார்களின் தமிழ் ஒலிக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பகை நீங்கிற்று என்ற செய்தி வந்தது. இராமானுசர் திருவரங்கம் திரும்ப எண்ணினார். இப்போது மேல்கோட்டையில் இருந்தோர் அழுதனர். அவர்களுடைய துயர் கண்டு தம் திருவுருவம் ஒன்றைச் செய்வித்து அங்கே வைத்துச் சென்றார். 'தமர் உகந்த திருமேனி' என்று அதனை இன்றும் வழங்குகின்றனர். 'தமர்' என்றால் தம்மைச் சேர்ந்தவர், உறவினர். அயலாராக வந்தவர் உறவினராகத் திரும்பினார் என்பதற்கு அந்தப் பெயரே சான்று. வீடு அங்கே இருந்ததால் அவர் சென்றாரல்லர். அவர் சென்றதால் அங்கே வீடு உண்டாயிற்று.

கண்ணிழந்த கூரத்தாழ்வானைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இராமானுசரைச் சார்ந்தோர் எவரையும் உள்ளே விடலாகாது என்ற கட்டளை இருந்த காலத்தில், அவர் திருவரங்கக் கோயில் வாயிலுக்கு வந்தார். இவர் நல்லவர், எல்லாருக்கும் வேண்டியவர், இவரை மட்டும் விடலாம் என்றனர் சிலர். அவரோ, தம் ஆசிரியரின் உறவை விட்டுக் கிடைக்கும் தரிசனம் தமக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டார் என்பர். தன் அன்பரைப் புறத்தே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் நுழையும் இடம் வீடாகாது என்று கண்ணில்லாத அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பள்ளியை விட்டுச் சென்றவர்

நிற்க. இறைவனே வீடு என்றால் பெற்றோரை மறந்துவிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடையாக, நம்மைப் போன்ற மாணவர் ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், 1892-இல் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் பள்ளியில் பயின்றான். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் புறப்பட்டான். தன் தந்தையைத் தேடிச் செல்வதாகவும், அதற்காக எவரும் வருந்தவேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தான். தந்தை என்று அவன் குறித்தது அருணாசலத்தை. செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்த அந்த மாணவனே பின்னர் இரமண மகரிசி ஆனார்.

இவ்வளவோடு கதையை நிறுத்துவோர் பலர். தொடர்ந்து பார்க்கவேண்டும். 1898-இல் அன்னை அழகம்மாள் மகனைத் தேடி வந்து அழைத்தார், மகன் செல்லவில்லை. ஆனால் 1916-இல் அன்னை மகனுடனேயே தங்க வந்தபோது, மலையில் இடம் இருந்தது. அவர் அடியார்க்கெல்லாம் சமைத்துப் போட்டார். 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அவர் உயிர் பிரியும்வரை மகன் அருகிருந்து, கையால் தொட்டு அமைதியூட்டினார். அன்னையின் சமாதியைச் சுற்றியே இரமணாசிரமம் எழுந்தது. தாயை விட்டுச் சென்ற மகன் கண்ட வீடு, முடிவில் தாய்க்கும் வீடாயிற்று. தம்மைப் போல வீட்டைத் துறக்க விரும்பி வந்த இல்லறத்தாரை அவர் ஊக்கவில்லை. விடவேண்டியது மனத்தின் பற்றையே என்று அறிவுறுத்தினார். முற்றும் துறந்த பட்டினத்தாரும் தாயின் இறுதிக்கடனைச் செய்ய ஓடிவந்தார் என்றே நம் நாட்டார் நினைவில் வைத்துள்ளனர். இறைவனிடம் வீடு கண்டவர்க்குத் தாயன்பு குறையவில்லை. அது மேலும் தூயதாயிற்று.

கடல் கடந்தவர்

இவ்வுண்மை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியது அன்று. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, 1710-இல் இந்தியா வந்தார்; பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1747-இல் இங்கேயே உயிர் நீத்தார். அவரையே வீரமாமுனிவர் என்று போற்றுகிறோம். தாய்மொழியில் ஒரு சொல் கேட்க வழியற்ற ஊரில் இருந்த அவர் என்ன செய்தார்? அவ்வூரார் மொழியைக் கற்று, அதில் 'சதுரகராதி' தொகுத்து, 'தேம்பாவணி' பாடினார். ஏலாக்குறிச்சியில் கோயில் எடுத்து, அவ்வூரைத் திருக்காவலூர் என்றார். அங்குள்ள அன்னைக்கு அடைக்கலமாதா என்று பெயர். அடைக்கலம் தேடும் நிலையில் வந்தவர், அடைக்கலம் தரும் இடத்தை எழுப்பினார்.

உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கு 'ஹிஜ்ரத்துக் காண்டம்' என்று பெயர். நபிகள் நாயகம் 622-ஆம் ஆண்டில் பிறந்த ஊராகிய மக்காவை நீங்கி மதீனாவுக்குச் சென்ற பயணமே ஹிஜ்ரத்து. இசுலாமியரின் ஆண்டுக் கணக்கு அதிலிருந்தே தொடங்குகிறது. பிறந்த நாளிலிருந்தோ வென்ற நாளிலிருந்தோ அன்றி, ஊர் நீங்கிய நாளிலிருந்து ஒரு சமுதாயம் காலத்தை எண்ணுகிறது! மதீனாவை அடைந்தபின், வந்தவரையும் அங்கே இருந்தவரையும் இணைத்து உடன்பிறப்புகளாக ஆக்கினார் நபிகள். இறைவனை நம்பி ஊர் நீங்கியோர்க்கு, அவ்வூராரின் கதவு வழியாகவே வீடு கிடைத்தது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இறைவனிடத்தே வீடு கண்டவரை எவ்வாறு அறிவது? அவரிடத்தே பிறர் வீடு காண்பர். கொங்குப் பிராட்டி கண்டதும், மேல்கோட்டையார் கண்டதும், அழகம்மாள் கண்டதும் அதுவே. கண்ணை மூடி இருக்கும்போது கிடைக்கும் இன்பத்தை மட்டும் கொண்டு இதனை அளக்கலாகாது. கண்ணைத் திறந்தபின் நம் அறைக்கதவு எவ்வளவு திறக்கிறது என்பதே அளவுகோல்.

இதனை நம் நாளும் வாழ்வில் எவ்வாறு பயில்வது? முதலாவது, நாளில் ஒரு சிறு பொழுதை இறைவனுக்கென்று ஒதுக்குதல். அவரவர் சமயத்துக்கு ஏற்பத் திருமுறையோ, திருவாய்மொழியோ, திருமறையோ, சொல்லற்ற அமைதியோ ஆகலாம். கால்மணி நேரம் போதும். அன்று முழுதும் நாம் கணக்குக் காட்டாத ஒரே பொழுது அதுவாக இருக்கட்டும். மதிப்பெண் குறைந்த நாளிலும் அதே முகத்தோடு நம்மை ஏற்கும் இடம் ஒன்று உண்டு என்பதை நெஞ்சம் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, பெற்றோரோடு பேசுதல். பணம் வேண்டும்போது மட்டும் பேசுவது பேச்சாகாது. அவர்களும் நம்மைப் பிரிந்திருக்கிறார்கள். நம் தாய் தம் பிறந்த வீட்டை விட்டு வந்த நாளில் என்ன நினைத்தார் என்று ஒருமுறை கேளுங்கள். பலர் அதுவரை கேட்டிராத ஒரு கதையைக் கேட்பர்.

மூன்றாவது, கன்னடம் கற்றல். நாம் வாழும் ஊரின் மொழியைக் கற்காமல், அவ்வூர் நமக்கு வீடாகவில்லை என்று குறை கூறுவது முறையன்று. காவிரி நீரைப் பற்றிய பூசலால் 1991 டிசம்பரில் இந்நகரத் தமிழர் பட்ட துன்பம் மறக்கக்கூடியது அன்று. அலசூர் ஏரிக்கரையில் நிறுத்தப்பெற்ற திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-இல் அது திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. மொழியை மட்டும் கூரையாகக் கொண்ட வீடு புயற்காலத்தில் ஆடும் என்பதையும், ஒருவர் மற்றவரின் புலவரைத் தம் ஊரில் குடியேற்றும்போது அக்கூரை வலுப்பெறும் என்பதையும் இந்நகரம் நமக்குக் காட்டியிருக்கிறது.

நான்காவது, புதிதாக வருவோரைக் காத்தல். ஆகஸ்டு மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கும் முதலாண்டு மாணவன் எவனாயினும், எம்மொழியினனாயினும், முதல் வாரத்தில் அவனுக்கு ஒருவேளை உணவுக்குத் துணையாக இருங்கள். விடுதியில் நமக்குச் சோறு பரிமாறும் பணியாளரும் காவலரும் தத்தம் மக்களைத் தொலைவில் விட்டு வந்தவர்களே. அவர்களுடைய பெயரையும் ஊரையும் கேட்டு அறிந்திருத்தல் நம் கடமை.

இங்கே ஒரு சொல் அழுத்திச் சொல்லவேண்டும். தனிமை முற்றி உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமாயின், அதனைப் பக்திக் குறைவு என்று எண்ணி மறைத்தல் கூடாது. நண்பரிடமும் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் உடனே சொல்லவேண்டும். இறைவன் இராமானுசருக்கு வேடரின் கையால் உணவளித்தான். நமக்கு மருத்துவரின் கையால் நலமளிக்க அவனுக்குத் தடையில்லை. அவ்வாறு ஒருவர் நம்மிடம் வந்து சொன்னால், அறிவுரை கூறி அனுப்பிவிடாமல் உடனிருந்து உரிய இடத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

நண்பர்களே! நாம் ஒரு வீட்டை விட்டு வந்திருக்கிறோம், விடுதியில் தங்கியிருக்கிறோம். விடுதி என்றுமே நிலையானது அன்று. அதன் சாவியை ஒருநாள் திருப்பித் தரவேண்டும். எண்ணிப் பார்த்தால் பிறந்த மனையும் ஒரு விடுதியே. அதிலிருந்தும் பெரியவர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். விடைபெறாத வீடு ஒன்றே. அதன் வாயில் எவ்வூரிலும் உண்டு. பெங்களூரில் அவ்வாயில் சில வேளை கோயிலில் இருக்கும், சில வேளை பேராலயத்திலும் பள்ளிவாசலிலும் இருக்கும். பல வேளைகளில் அடுத்த அறையில் விளக்கணைத்துத் தனியே அமர்ந்திருக்கும் நண்பனின் கதவாகவே அது இருக்கும். இன்றிரவே சென்று அக்கதவைத் தட்டுவோமாக.